கரடுதட்டிய கிளியர்கோட்: தங்கவயலின் தூசியும் வீட்டு வாசல் கார்ப் பூச்சும்

காரின் தகட்டின் மேல் இன்று பூசப்படும் வண்ணம் ஒரே அடுக்கு அல்ல. துருவைத் தடுக்கும் பிரைமர், நிறத்தைத் தரும் பேஸ்கோட், அதன்மேல் நிறமற்ற பிசினாலான கிளியர்கோட் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் அந்தப் பூச்சில், கண்ணில் படும் பளபளப்பும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வலுவும் கடைசி அடுக்கையே நம்பியிருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர்கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். அதாவது சராசரித் தலைமயிர் ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. வீட்டில் பெயிண்ட் அடித்த கார் கையால் தடவினால் சொரசொரப்பாகவும், எட்டி நின்று பார்த்தால் மங்கலாகவும் இருக்கிறது என்று சொல்லப்படும்போது, பழுது இந்த மெல்லிய அடுக்கின் மேற்பரப்பில்தான் பெரும்பாலும் இருக்கிறது. பரப்பு சமமாக இருந்தால் அதன்மேல் விழும் ஒளி ஒரே ஒழுங்கில் திரும்பி, எதிரே நிற்பவரின் முகத்தைக் காட்டும். மேடும் பள்ளமுமாக இருந்தால் ஒளி பல திசைகளில் சிதறி, முகம் கலைந்து தெரியும்.

இதைச் சரிசெய்வதற்கு எந்த எண் தேய்ப்புக் காகிதம், எந்த நிறுவனத்தின் ரப்பிங் காம்பவுண்ட், கை பாலிஷா மெஷின் பாலிஷா என்ற கேள்விகளே வழக்கமாக முதலில் எழுகின்றன. அவற்றுக்கு முன்னால் தீர்க்க வேண்டியவை இரண்டு உள்ளன: கரடு கிளியரின் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பது ஒன்று, தேய்த்து எடுப்பதற்கு எவ்வளவு கிளியர் மிச்சம் இருக்கிறது என்பது மற்றொன்று. கோலார் தங்கவயல் போன்ற ஊரில் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அது அங்கே காற்றில் பறக்கும் தூசி.

தங்கவயலின் தூசி மற்ற ஊர்களின் செம்மண் புழுதியைப் போன்றதன்று. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கி, 1956இல் மைசூர் அரசுடைமையாகி, 1962இல் மத்திய அரசின் கைக்கு வந்து, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பெயரில் நடந்து, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கங்கள், நிலத்தடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை வெட்டியெடுத்த பாறையை அரைத்து மாவாக்கித் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவை ஊரைச் சுற்றிலும் குவித்துவைத்தன. ஊர்மக்கள் சயனைடு மேடு என்று சொல்லும் அந்தச் சாம்பல்நிறக் குன்றுகளை 2018இல் வெளிவந்த கன்னடத் திரைப்படம் ஒன்று நாடெங்கும் காட்டிவிட்டது. ஆனால் பங்குனி, சித்திரைக் காற்றில் அந்தக் குன்றுகள் மாரிக்குப்பம், கோரமண்டல், சாம்பியன் ரீஃப் பக்கத்து வீடுகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் மீதெல்லாம் படிவதைப் படம் பார்த்தவர்கள் அறிய மாட்டார்கள். சயனைடு முறையில் தங்கத்தைக் கரைத்தெடுக்க வேண்டுமானால், கரைசல் பாறைக்குள் புகுந்து தங்கத்தைத் தொடும் அளவுக்குத் தாதுவை நுணுக்கியாக வேண்டும். அதனால் பொதுவாக 75 மைக்ரானுக்குக் கீழே வரும்படி அரைப்பதே அம்முறையின் வழக்கம். கோலார் பாறையில் தங்கம் இருந்தது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் நரம்புகளில். மோஸ் அளவுகோலில் அக்கல்லின் கடினம் 7. சன்னல் கண்ணாடியையே கீறவல்லது அது.

இந்த எண்களைப் பூச்சின் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தங்கவயலின் பிரச்சினை முழுதும் விளங்கிவிடும். 75 மைக்ரான் அகலமுள்ள ஒரு துகள், இரண்டு கையாக, அதாவது இரண்டு அடுக்காக அடித்த 50 மைக்ரான் கிளியரைவிட உயரமானது. ஆகவே ஈரமான கிளியரின் மேல் வந்து விழுந்தால் அது பூச்சுக்குள் முழுகாமல், தலையை நீட்டிக்கொண்டே உறைந்துவிடும். காகித அளவுகளோடு ஒப்பிட்டால், ஐரோப்பியத் தரத்தில் பி180 காகிதத்தின் துகள் சுமார் 82 மைக்ரான், பி220 காகிதத்தின் துகள் சுமார் 68 மைக்ரான். சயனைடு மேட்டின் பெரிய துகள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பளபளப்பை மீட்பதற்காகப் பி2000 காகிதத்தை, அதாவது சுமார் 10 மைக்ரான் துகள் கொண்ட காகிதத்தை வைத்துப் பொறுமையாகத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அப்படி ஒரு துகள் காகிதத்துக்கும் பூச்சுக்கும் நடுவே புகுந்துவிட்டால், அந்த ஓர் இழுப்பு மட்டும் பி220 காகிதத்தின் வேலையைச் செய்துவிடும். கரடு உண்டாவதற்கும், கரட்டைப் போக்கும்போது புதிய கீறல் விழுவதற்கும் காரணம் ஒரே தூசியாக இருப்பது இவ்வூருக்கே உரிய தொல்லை.

தேய்ப்பது என்ற செயலுக்கு இந்தியப் பட்டறைகளில் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறே இன்றைய பல தவறுகளுக்கும் மூலம். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1923இல் டூகோ என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கார்களுக்காகக் கொண்டுவந்தது. அது பரவிய வேகத்தில், எந்த நிறுவனத்தின் லேக்கராக இருந்தாலும் அதை டூகோ என்றே இந்திய பெயிண்டர்கள் அழைக்கத் தொடங்கினர். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் அந்த லேக்கரைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து, மெல்லிய பூச்சாகப் பல கை அடிப்பார்கள். அது தெளிப்புத் துப்பாக்கியிலிருந்து வரும்போதே மங்கலாகத்தான் வரும். பிறகு வாட்டர் பேப்பர் போட்டு, காம்பவுண்டைப் பஞ்சு வேஸ்டில் தொட்டு மணிக்கணக்கில் கையால் தேய்த்துத்தான் பளபளப்பை வரவழைப்பார்கள். அதாவது ரப்பிங் என்பது அன்று பழுதுபார்ப்பு இல்லை. பூச்சு வேலையின் கடைசிப் படி. அடுக்கு பல இருந்ததால் தேய்ப்பதற்குத் தாராளமாகச் சரக்கு இருந்தது. ஓரிடத்தில் அதிகமாகத் தேய்ந்துபோனாலும், பழைய லேக்கரைத் தின்னர் மீண்டும் கரைக்கும் என்பதால் மேலே ஒரு கை அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கிளியர்கோட் இந்த மன்னிக்கும் குணம் இல்லாதது. ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் கண்டறிந்த பாலியூரிதேன் வேதியியலின் வழிவந்த இரட்டைக்கூறு கிளியரில், பிசினும் ஹார்ட்னரும் தனித்தனி டப்பாக்களில் வந்து, கலந்த கணத்திலிருந்து ஒன்றோடொன்று வினைபுரிந்து வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. பட்டறைகளில் டூகே என்று சொல்லப்படும் இந்த வகை, இறுகியபின் தின்னரில் கரையாது; மேலே அடிக்கும் புதிய கை அதனோடு கலக்காமல், காகிதம் போட்டுச் சொரசொரப்பாக்கிய தடத்தைப் பிடித்துக்கொண்டு மட்டுமே நிற்கும். துப்பாக்கியிலிருந்து இறங்கும்போதே கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். டூகோ காலத்துக் கைப்பழக்கத்தை அப்படியே கிளியரின் மேல் காட்டும்போதுதான், பானட்டின் ஓரங்களிலும் கதவின் மடிப்புகளிலும் கிளியர் தேய்ந்துபோய் அடிநிறம் வெளியே தெரியத் தொடங்குகிறது. மூத்த பெயிண்டர் ஒருவரின் கைத்திறத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அந்தத் திறம் வேறொரு பொருளுக்காக வளர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கரடு என்ற ஒரே சொல்லால் சுட்டப்படும் குறைகள் உண்மையில் பல. பரப்பு முழுவதும் ஆரஞ்சுப் பழத்தின் தோலைப்போலச் சீராக மேடுபள்ளமாக இருப்பது மிகப் பரவலானது. கிளியர் கெட்டியாக இருந்தாலோ, காற்றழுத்தம் போதாமல் துளிகள் பெரிதாக விழுந்தாலோ, வெயிலுக்குப் பொருந்தாத வேகமான தின்னரைக் கலந்து துளிகள் ஒன்றாகப் பரவிச் சேர்வதற்குள் காய்ந்துவிட்டாலோ அது உண்டாகிறது. இரண்டாவது வகை உலர்தெளிப்பு. துப்பாக்கியைத் தகட்டிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில் பிடிக்காமல் எட்டப் பிடிக்கும்போதும், பக்கத்துப் பலகத்துக்கு அடித்த புகை அரைகுறையாகக் காய்ந்த பலகத்தின்மேல் படியும்போதும், காற்றிலேயே பாதி காய்ந்த துளிகள் மணல்தூவியதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. விரலால் தடவினால் மிக நுண்ணிய சொரசொரப்பு தெரியும். தூசி மணி மூன்றாவது. தங்கவயலில் பங்குனியில் அடித்த காரில் இதுவே முதன்மையானது. செங்குத்தான பலகங்களில் கிளியர் வழிந்து திரையாக நிற்பது இன்னொன்று. இவை நான்கும் மேற்பரப்பைச் சேர்ந்தவை என்பதால் தேய்த்து எடுக்கக்கூடியவை.

கிளியருக்குள்ளேயே இருக்கும் குறைகள் வேறு இனம். ஒரு கைக்கும் மறு கைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை விடாமல் கனமாக அடித்தால், மேலே தோல் கட்டிவிட்ட பிறகு அடியிலிருந்து எழும் தின்னர் ஆவி அத்தோலைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, குண்டூசி முனை அளவு குமிழிகளை விட்டுச்செல்லும். இதைப் பட்டறையில் பின்ஹோல் என்றும் பாப்பிங் என்றும் சொல்வார்கள். தேய்க்கத் தேய்க்கக் குமிழியின் மூடி போய், குழி வெளிப்படும். இன்னும் தேய்த்தால் குழி பெரிதாகும். பேஸ்கோட்டின் மேலேயே தூசி படிந்து, அதன்மேல் கிளியர் அடிக்கப்பட்டிருந்தால், தேய்ப்பது தூசியின் தலையைச் சீவுமே தவிர அதை நீக்காது. வெள்ளிநிறக் கார்களில் பேஸ்கோட்டே உலர்தெளிப்பாக விழுந்து, உலோகத்தூள் நேராகப் படியாமல் நிமிர்ந்து நிற்கும்போது, கிளியர் எவ்வளவு சமமாக இருந்தாலும் நிறம் கரடாகவே தோன்றும். டாஷ்போர்டுக்கும் டயருக்கும் பூசிய சிலிக்கோன் பாலிஷின் சுவடு தகட்டில் இருந்தால், கிளியர் அவ்விடத்தை விட்டு விலகி மீன்கண்போல வட்டக் குழி விழும். இவற்றைத் தேய்ப்பால் தீர்க்க முனைவது நேரத்தையும் கிளியரையும் ஒருங்கே வீணாக்குவதாகும்.

மேலா உள்ளா என்பதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நகத்தின் முனையை மெதுவாகக் குறுக்கே இழுத்தால் மேலே நிற்கும் மணி நகத்தில் தட்டும். உள்ளே இருப்பது தட்டாது. பிறகு உள்ளங்கையளவு இடத்தைத் தேர்ந்து, பி2000 காகிதத்தை ரப்பர் பிளாக்கில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நாலைந்து இழுப்பு மட்டும் இழுத்து, துடைத்துக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். மேடான இடம் மங்கி வெளிறும்; பள்ளமான இடம் பளபளப்பாகவே நிற்கும். பளபளப்பான புள்ளிகள் நெருக்கமாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் ஆரஞ்சுத் தோல்; அங்கங்கே கூர்மையான சிறு வட்டங்களாக நின்றால் பின்ஹோல். இந்தச் சோதனைக்குக் கால்மணி நேரம்கூட ஆகாது. அதைத் தவிர்ப்பதால் ஒரு பலகமே போய்விடக்கூடும்.

அடித்தது எந்த வகைக் கிளியர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண ஸ்ப்ரே டப்பாவில் இருப்பது பெரும்பாலும் ஹார்ட்னர் இல்லாத ஒற்றைக்கூறு வகை. அது தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்வது. துணியில் சிறிது தின்னரை நனைத்துப் பார்வைக்குப் படாத ஓரத்தில் தேய்த்தால், ஒற்றைக்கூறு வகை இளகித் துணியில் ஒட்டும். இறுகிய டூகே அசையாது. முதல் வகையின் ஒவ்வொரு கையும் மிக மெல்லியது. காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே தின்னர் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் காகிதம் அடைத்துக்கொண்டு, பூச்சு உருண்டு திரளும். டூகே கிளியரில் நிலை நேர்மாறு. அடித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தேய்ப்பது எளிது. வாரம் கடந்தால் அது இறுகி, அதே வேலைக்கு இரண்டு பங்கு உழைப்பு கேட்கும். சரியான கெடுவைத் தயாரிப்பாளரின் தாள் சொல்லும். பெங்களூருக்கு அதிகாலை ரயிலில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் தங்கவயல்காரருக்கு ஞாயிறு விட்டால் அடுத்த ஞாயிறுதான் கிடைக்கிறது என்பதால், இந்தக் கெடு பெரும்பாலும் தவறிவிடுகிறது. ஒரே நாளில் எல்லாக் கையும் அடித்து முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடியும், அதனால் வரும் பின்ஹோலும்கூட இதே கணக்கில் சேர்வனவே.

அடுத்தது கனத்தின் கணக்கு. துப்பாக்கியால் முறையாக இரண்டு கை அடித்த டூகே கிளியர் காய்ந்தபின் ஏறத்தாழ 50 முதல் 60 மைக்ரான் நிற்கும். லேசான ஆரஞ்சுத் தோலை மட்டமாக்கிப் பாலிஷ் போடுவதில் சில மைக்ரான் முதல் 10 மைக்ரான்வரை போகும் என்று கொள்ளலாம். அது தாங்கக்கூடிய செலவு. கரடு ஆழமாக இருந்து 20, 25 மைக்ரான் எடுக்க வேண்டியிருந்தால், பளபளப்பு அன்றைக்கு வந்துவிடும். ஆனால் எஞ்சிய மெல்லிய தோலால் வெயிலைத் தாங்க முடியாமல், சில ஆண்டுகளில் வெளிறிச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். தகட்டின்மேல் வைத்தால் பூச்சின் மொத்தக் கனத்தைக் காட்டும் சிறு மீட்டர்கள் இப்போது கிடைக்கின்றன. அவை மொத்தத்தைக் காட்டுமே தவிரக் கிளியரின் பங்கைத் தனியே சொல்லா. பட்டி போட்ட இடத்தில் காட்டும் பெரிய எண் ஏமாற்றவும் செய்யும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அளந்து, எவ்வளவு போயிற்று என்று பார்ப்பதே அவற்றின் நல்ல பயன்.

ஆகவே மேலே இருக்கும் லேசான கரட்டுக்கு ஈரத்தேய்ப்பும் பாலிஷும் போதும். ஆழமான கரட்டுக்குத் தேய்த்து மட்டமாக்கி மீண்டும் ஒரு கை கிளியர் அடிப்பதே நல்லது. இரண்டாவது வழியை வீட்டில் வேலை செய்வோர் தோல்வியாகக் கருதித் தள்ளிப்போடுகின்றனர். உண்மையில் அது தொழில்முறைப் பட்டறைகளே வேண்டுமென்று கையாளும் முறை. பி600 அல்லது பி800 காகிதத்தால் முழுப் பரப்பையும் ஒரே மங்கலாகும்வரை மட்டமாக்கி, நன்றாகத் துடைத்து, அதன்மேல் சற்று நீர்த்த கிளியரை ஒரு கையோ இரண்டு கையோ விட்டால், சமமான தளத்தின்மேல் விழும் பூச்சு தானாகவே பரவிச் சமமாகும். காகிதத்தின் கீறலைப் புதிய கிளியர் நிரப்பிவிடுவதால் பி2000 வரை போகும் உழைப்பு மிச்சம். கனமும் குறையாமல் கூடுகிறது. வீட்டு வேலையில் கிளியர் கரடாக வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு இதுவே தக்க வழி என்று துணிந்து சொல்லலாம். காம்பவுண்ட் டப்பாவின் விளம்பரம் வேறுவிதமாகச் சொன்னாலும்.

ஈரத்தேய்ப்பின் கருவியான வாட்டர் பேப்பரை அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனம் 1921இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. தண்ணீரில் ஊறினாலும் பிரியாத தாளில் சிலிக்கன் கார்பைடு துகளை ஒட்டியதால், தேய்த்த தூள் காற்றில் பறக்காமல் தண்ணீரோடு வழிந்தது. இந்தியாவில் 1954இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் முதலிய நிறுவனங்கள் இவ்வகைத் தேய்ப்புப் பொருள்களை இங்கேயே செய்கின்றன. வாங்கும்போது பார்க்க வேண்டியது எண்ணுக்கு முன்னால் பி என்ற எழுத்து இருக்கிறதா என்பது. பி என்பது ஐரோப்பியத் தரம். அது இல்லாத பழைய அமெரிக்கத் தரத்தில் அதே எண் வேறு பருமனைக் குறிக்கும். அமெரிக்க 600 எண் காகிதத்தின் துகள் சுமார் 16 மைக்ரான். அது ஐரோப்பிய பி1200க்கு நெருங்கியது. அமெரிக்க 1000 எண்ணோ பி2000க்கும் நுண்ணியது. ஒரு கடையில் ஒரு தரமும் மறு கடையில் மறு தரமும் வாங்கி வரிசை போட்டால், எண் ஏறிக்கொண்டே போனாலும் துகள் சிறுத்துக்கொண்டே போயிராது. முந்தைய காகிதத்தின் கீறலைப் பிந்தையது அழிக்காமல் விடும்.

தேய்க்கும் முறையைச் சற்று அருகிலிருந்து காண்பது நல்லது. காகிதத்தை முன்பே தண்ணீரில் ஊறவைத்து மடிப்பு விழாமல் இளக்கிக்கொள்ள வேண்டும். விரல்களால் நேரே அழுத்தினால் விரல் பட்ட கோடுகளில் மட்டும் தேய்ந்து வாய்க்கால் விழும் என்பதால், தட்டையான பரப்புக்கு ரப்பர் பிளாக்கும் வளைவுக்கு மென்மையான ஸ்பாஞ்சும் வைத்துக்கொள்ள வேண்டும். வட்டமாகச் சுற்றாமல் ஒரே திசையில் நேராக இழுத்து, காகிதம் மாறும்போது திசையையும் மாற்றினால், பழைய கீறல் எது புதியது எது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துப் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும். பால்போல வெள்ளையாக வழியும் நீர் கிளியருடையது. அதில் காரின் நிறம் கலந்து வந்தால் அங்கே கிளியர் தீர்ந்துவிட்டது. அந்தக் கணமே நிறுத்த வேண்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் கிளியர் இயல்பாகவே மெல்லியதாக நிற்பதால், அவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, விரல் அகலத்தைத் தொடாமலே விடுவது பழகிய பெயிண்டர்களின் வழக்கம். தனித் தூசி மணிகளுக்கு முழுப் பலகத்தையும் தேய்க்க வேண்டியதில்லை. நாணய அளவு வெட்டிய காகிதத்தைச் சிறு மரக்கட்டையில் ஒட்டி, அந்த மணியை மட்டும் மட்டமாக்கினால் போதும். வழிந்த திரையைப் புதிய பிளேடால் நுட்பமாகச் சீவி, பிறகு பிளாக்கால் சமன்செய்யலாம்.

பயன்படுத்தும் தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஒரு காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது. இன்று பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கின்றன. அந்த நீரில் உப்பு மிகுதி. அடியில் மணலும் தங்கும். வாளியில் பிடித்ததும் அப்படியே காகிதத்தை முக்கினால் மேலே சொன்ன பி220 கீறலை வலிய வரவழைத்ததாகும். இரவே பிடித்துத் தெளியவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சிறிது ஷாம்பூ கலந்து, தேய்ப்பதற்கு ஒரு வாளியும் காகிதத்தை அலசுவதற்கு இன்னொரு வாளியும் என்று பிரித்துக்கொண்டால் பாதித் தொல்லை ஒழியும். தேய்த்து முடித்த பலகத்தில் நீர் அப்படியே வெயிலில் காய்ந்தால் உப்பு வளையங்கள் படிந்து, புதிய கிளியரை அரிக்கவும் செய்யும். ஆகவே உடனே துடைப்பது கட்டாயம்.

பி1500இலிருந்து பி2000, முடிந்தால் பி3000 வரை போனபின் பாலிஷ். மெஷினில் கம்பளிப் பேட் வேகமாக வெட்டும், சூடும் கூடும். பழகாத கைக்கு ஸ்பாஞ்சுப் பேடும் குறைந்த சுழற்சியும் நலம். காம்பவுண்டைச் சிறிதளவே இட்டு, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்த வேண்டும்; தகட்டைத் தொட்டால் கை பொறுக்காத சூடு என்றால் கிளியரும் இளகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நேர்வெயிலில் பாலிஷ் போடுவது எவ்விதத்திலும் உதவாது. பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவி ஆற வழியில்லாததால் அங்கே பூச்சு விரைவில் தீய்ந்துவிடும்.

உடல்நலக் கேள்வி இந்த ஊரில் அயலானது அன்று. கோலார் சுரங்கத் தொழிலாளரிடையே 1940களில் நடந்த சிலிக்கோசிஸ் ஆய்வு இந்திய மருத்துவப் பாடநூல்களில் இன்றும் குறிப்பிடப்படுகிறது; கல்தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதைச் சொந்தக் குடும்பத்திலேயே கண்டவர்கள் அங்கே பலர். காய்ந்த கிளியரை ஈரமாகத் தேய்ப்பதில் அபாயம் குறைவு. அடிக்கும்போது எழும் டூகே புகையே கொடியது. அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது; ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். மூக்கில் கட்டும் கைக்குட்டையும் துணி முகக்கவசமும் அதற்கு எந்தத் தடையும் அல்ல. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி தரும் கவசத்தையே தொழில்முறைப் பட்டறைகளுக்குப் பரிந்துரைக்கின்றனர். சுரங்கத் தொழிலாளர் லைன்களில் வீட்டுக்கு வீடு ஒரு சுவர்தான் இடைவெளி. அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் அதே காற்று. தேய்ப்பையும் பாலிஷையும் வீட்டு வாசலில் செய்துகொண்டு, மீண்டும் கிளியர் அடிக்கும் வேலையை மட்டும் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில் கூலிக்கு விடுவது இக்காரணத்தாலேயே நியாயமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. தூசிக் கணக்கிலும் அதுவே லாபம்.

வெளியிலேயே அடிப்பதென்று துணிந்தவர்க்கு மாதமும் மணியும் முக்கியம். ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில் புரட்டாசி, ஐப்பசி மழை சயனைடு மேடுகளை நனைத்து இறுக்கியபின் தூசி அடங்கும். ஆனால் அப்போது காற்றில் ஈரம் மிகுதி. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, அதன்மேல் பனி படிந்து கிளியர் வெண்மையாகப் பூக்கக்கூடும். மழை ஓய்ந்து, மேடு இன்னும் முழுதும் உலராத கார்த்திகை, மார்கழி நாட்களில் வெயில் ஏறிப் பனி விலகியபின், காற்று கிளம்புவதற்கு முன் கிடைக்கும் சில மணி நேரமே இரண்டுக்கும் இடைப்பட்டது. நிலத்தடியில் பாறை துளைக்கும் மெஷின்களை அழுத்தக்காற்றால் ஓட்டிய ஊருக்குக் கம்ப்ரசரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை எனினும், டேங்கில் சேரும் தண்ணீரை அன்றன்று வடித்து, குழாயில் நீர்ப்பொறி ஒன்றைப் பொருத்தாவிட்டால், அந்தத் துளிகளும் கிளியரில் குழிகளாக விழும். தரையை நனைத்துவைப்பது தூசியை அடக்கும். தார்ப்பாயைக் கூரையாகக் கட்டுவோர், கட்டுவதற்கு முன் அதைக் கழுவுவதில்லை. உதறும்போது மேட்டுத்தூசி முழுதும் அதிலிருந்துதான் இறங்குகிறது.



சரிசெய்து முடித்த கிளியருக்கு உடனே மெழுகு பூசக்கூடாது. உள்ளே எஞ்சிய தின்னர் வெளியேற வழி வேண்டும் என்பதால் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கின்றனர். அந்த இடைக்காலத்தில் தூசியிலிருந்து காக்க வேண்டும் என்று கார் கவர் போட்டு மூடுவது பலரின் வழக்கம். கழுவாத காரின்மேல் போட்ட கவர் சித்திரைக் காற்றில் இரவெல்லாம் அசையும்போது, அடியில் அகப்பட்ட குவார்ட்ஸ் துகளை அது பானட்டின்மேல் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டேயிருக்கும். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் தட்டுவதும் இதே வினைதான். தாராளமாக நீர் ஊற்றித் தூசியை முதலில் வழியவிட்டு, பிறகே துணி வைக்க வேண்டும். நீருக்குப் பஞ்சமான வாரத்தில் காரை அழுக்காகவே விட்டுவைப்பது கிளியருக்கு நல்லது.